டிபன் பாக்ஸ் சின்னத்தைத் திரும்ப வாங்கியது

1. எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.
2. அவருக்குச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்.
3. அவர் ஜெயித்தார்.
4. எங்கள் தெருவை இடிப்பதற்கு மக்களுக்குச் சம்மதம் என்று மேடையேறிச் சொன்னார். எங்களில் ஒருவரையும் அவர் கேட்கவில்லை.
5. நான் எழுந்து மறுத்தேன். அதற்குப் பிறகு கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கவில்லை.
6. அடுத்த தேர்தல் வந்தபோது, உதவி கேட்டு என் வீட்டுக்கே வந்தார்.
7. அவர் கேட்டதற்கு நான் உண்மையை மட்டும் சொன்னேன்.

ஏழாவதுதான் எனக்குப் பிடித்தது.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் பாகம் எங்கே, எப்படிப் பழுதானது என்று தேடி எழுதுவது என் வேலை. கோபத்தோடு எழுதினால் அந்த அறிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலை செய்யப் பழகியிருக்கிறேன். ஓரமாக வைத்தது வைத்த இடத்தில் அப்படியே இருக்கும் என்பதையும் அந்த வேலையில்தான் கற்றேன்.

எங்கள் தெரு வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், இன்னொரு பக்கம் ஏரிக்கரை. நெல் விளைந்த நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போனபோது எங்களுக்கு மிஞ்சியது வீடுகள் மட்டும்தான். அவையும் மேய்க்கால் புறம்போக்கில், அரசின் மேய்ச்சல் நிலத்தில், இருப்பவை. வீட்டு வரி கட்டுகிறோம், ரேஷன் அட்டை இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. பட்டா மட்டும் இல்லை. தொழிற்பேட்டையின் இரண்டு பகுதிகளை இணைக்க ஒரு சாலை போட வேண்டும் என்ற பேச்சு நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே உண்டு. வரைபடத்தில் அந்தக் கோடு எங்கள் வீட்டுச் சமையலறை வழியாகப் போகும்.

பஸ் ஓட்டிய அண்ணனைப் பிடிக்காதவர்கள் அப்போது யாருமில்லை. ஹாஸ்டல் வாசலிலிருந்து எந்தப் பெண்ணாவது தலைமுடி ஈரம் சொட்ட ஓடி வந்தால் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். பஸ்ஸில் ஏறுகிற எல்லோருடைய ஊரும் அவருக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வம்பிழுப்பார். டிப்ளமோ முடித்து நான் முதல் நாள் ஏறியதிலிருந்தே எனக்கு 'இன்ஜினியரு' என்று பெயர்.

அந்தத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் வெளியூர் ஆட்களை நிறுத்தின. உள்ளூர்க் கட்சிக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலை ஷிப்ட்டுக்குப் போகும்போது அண்ணன் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சொன்னார்.

"அல்லாரும் மெட்ராஸ்லர்ந்து வந்து நிக்கிறான். நான் நின்னா இன்னா?"

"நின்னா பஸ்ஸ யாருண்ணா ஓட்டுவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பஸ் முழுக்கச் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. மனு, உறுதிமொழிப் பத்திரம், முன்மொழிபவர்கள் என்று என்னென்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி மறுநாள் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணாடிக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த மனிதர்களில், எங்கள் தெருவைப் பற்றிப் பேசினால் காதுகொடுத்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "நான் போய் ஒக்காந்தா, உங்க தெருவுக்குள்ள ஒரு மிஷினு வராது இன்ஜினியரு. வந்துச்சினா என் மேல ஏறிதான் வரணும்" என்றார். அதை என் அம்மாவிடமும் வந்து சொன்னார். அம்மா நம்பினார். நானும் நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த வீடு.

சுயேச்சைகளுக்கான சின்னங்களின் பட்டியலை பஸ்ஸிலேயே வைத்துப் பார்த்தோம். அவருக்கு லாரி பிடித்திருந்தது.

"டிரைவருக்கு லாரிதான கரெக்டு?"

"இந்த ரோட்டுல லாரியைப் பார்த்தா எல்லாருக்கும் எரிச்சல்தான்ணா வரும். டிபன் பாக்ஸ் கேளுங்க."

"டிபன் பாக்ஸா? இன்னாம்மா, சோத்துக்கு நிக்கிறேன்னு சொல்வானுங்க."

"மூணு ஷிப்ட்டுலயும் எல்லார் கையிலயும் இருக்குண்ணா. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உங்க ஞாபகம் வரும். நீங்க போய் விளக்கவே வேணாம்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மூளம்மா உனக்கு" என்றார்.

அதே சின்னத்தை வேறொரு சுயேச்சையும் கேட்டிருந்தார். அதிகாரி சீட்டுக் குலுக்கினார், அண்ணனுக்கு விழுந்தது. குலுக்கலில் போயிருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் சின்னம் ஒதுக்கும் விதியை நான் முழுதாகப் படித்தேன். இந்தப் பகுதியில் வாடகை அறைகளில் இருக்கும் தெற்கத்திப் பையன்கள், பெண்கள் பலரும் ஓட்டை ஊரிலேயே வைத்திருப்பார்கள். தேர்தலன்று ரூம்கள் காலியாகிவிடும். அவர்களில் முடிந்தவரை பேரை வாக்காளர் பட்டியலில் இங்கே மாற்ற வைத்தோம். நானும் ஹாஸ்டல் பெண்கள் சிலரும் இருங்காட்டுக்கோட்டையில் மாடி மாடியாக ஏறினோம். அந்த ஓட்டுகள்தான் அவரைக் கரையேற்றின. மிகக் குறைந்த வித்தியாசம்தான். ஆனாலும் வெற்றி வெற்றிதான்.

வெற்றி ஊர்வலம் அவர் ஓட்டிய அதே பஸ்ஸில் போனது. அந்த இரைச்சலில் அவர் காதருகே குனிந்து ஒரு விஷயம் சொன்னேன். "அடுத்த தடவை சீட்டுக் குலுக்கல் கிடையாதுண்ணா. சுயேச்சையா ஜெயிச்சவர் அதே சின்னத்தைக் கேட்டா, மத்த சுயேச்சைங்க யார் கேட்டாலும் அவருக்குத்தான். விதி இருக்கு."

"அப்போ ஆயுசுக்கும் டிபன் பாக்ஸ் நம்மளுதுன்னு சொல்லு!" என்று கத்தினார்.

அந்த விதிக்கு முன்னால் இன்னொரு வரி உண்டு. அன்று அதற்குத் தேவை இருக்கவில்லை.

முதல் வருடம் நன்றாகவே இருந்தார். நெடுஞ்சாலைப் பாலத்துக்கடியில் விளக்கு வந்தது. பெண்கள் ஹாஸ்டல்களின் தண்ணீர்ப் பிரச்சினையைச் சட்டமன்றத்தில் பேசினார். அதை எல்லோரும் போனில் பார்த்தோம். "எனக்குக் கொறடா கெடையாது. பஸ்ல வர்றவங்கதான் என் கொறடா" என்று அவர் சொன்னபோது கேன்டீனில் கைதட்டல் கேட்டது. பிறகு வெள்ளைக் கார் வந்தது. ஆளுங்கட்சி அமைச்சர்கள் வரும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கட்சியில் சேர்ந்தால் சுயேச்சையின் பதவி போய்விடும் என்பது அவருக்குத் தெரியும், அதனால் சேராமலே எல்லாம் செய்தார். மச்சான் பெயரில் பஸ்கள் வந்தன. எங்கள் கம்பெனி உட்பட மூன்று நான்கு கம்பெனிகளின் ஆள் ஏற்றும் ஒப்பந்தம் அந்த மச்சானுக்குப் போனது. என் போனை எடுப்பதை நிறுத்தினார்.

இணைப்புச் சாலைக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், நடுவில் அவர். எங்கள் தெருவிலிருந்து எல்லோரும் போயிருந்தோம். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார், அண்ணன் நமக்காகப் பேசப்போகிறார் என்று.

அவர் மைக்கைப் பிடித்தார். "அந்தத் தெரு ஜனங்கள எனக்கு நல்லாத் தெரியும். என் வூட்டு ஜனங்க மாதிரி. மாத்து எடம் குடுத்தா போறதுக்கு அவங்களுக்குச் சம்மதம். அவங்க சார்பா நான் சொல்றேன், ஆரம்பிங்க."

நான் எழுந்தேன். "எங்ககிட்ட யாரும் கேக்கலை. நாங்க சம்மதிக்கலை" என்றேன். குரல் நடுங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அவர் சிரித்தார். பஸ் கண்ணாடியில் பார்க்கும் அதே சிரிப்பு. "அது நம்ம பொண்ணுதான் சார். நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்துகீது, தூக்கக் கலக்கம். ஒக்காரும்மா, ஒக்காரு."

மண்டபம் சிரித்தது. அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மக்கள் பிரதிநிதி சம்மதம் தெரிவித்தார் என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். சில வாரங்களில் ஒருவர் வந்து எங்கள் வீடுகளின் சுவரில் சிவப்பு பெயின்ட்டில் எண்கள் போட்டுவிட்டுப் போனார்.

அதே வாரம் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போனது. நான் கைகாட்டினேன். புது டிரைவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். கம்பெனியில் பார்த்துக் கேட்டபோது, "ஸ்டாப்பு எடுத்துட்டாங்கக்கா, மேல சொல்லிட்டாங்க" என்றார். அன்றிலிருந்து காலை ஷிப்ட்டுக்கு இருட்டில் ஏரிக்கரை வழியாக மெயின் ரோடு வரை நடந்தேன், நாய்களுக்காகக் கையில் ஒரு கம்போடு. ஒரு மாதம் போனதும் கம்பு தேவைப்படவில்லை. நாய்கள் என்னைப் பழகிக்கொண்டன. நான் எதையும் பழகிக்கொள்ளவில்லை. தினமும் நடக்கும்போது ஒரே கேள்வியைத்தான் போட்டுப் பார்த்தேன்: இந்த மனிதரிடம் இருப்பவற்றில் நான் கொடுத்தது எது? அதை எடுத்துவிட்டால் மிச்சம் எவ்வளவு நிற்கும்?

அடுத்த தேர்தலில் ஆளுங்கட்சியின் இடம் தனக்கு என்று எதிர்பார்த்திருந்தார். கட்சி வேறொருவருக்குக் கொடுத்தது. மறுநாளே அவர் மறுபடி 'மக்கள் சுயேச்சை' ஆகிவிட்டார். மச்சானின் பஸ்களுக்குள்ளே, ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும், டிபன் பாக்ஸ் படம் ஒட்டப்பட்டது. பெயர் கிடையாது, படம் மட்டும். தேர்தல் அதிகாரி கேட்டால் அலங்காரம் என்று சொல்லலாம். அவர் சாமர்த்தியசாலி, அதை நான் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. சிவப்பு எண்ணுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னாம்மா இன்ஜினியரு, இன்னும் கோவமா?"

அம்மா உள்ளே போய்விட்டார். தண்ணீர் கூடக் கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

"அது மேலெடத்து ப்ரெஷருமா. நான் இல்லன்னாலும் வேற எவனாவது சொல்லியிருப்பான். இந்த வாட்டி ஜெயிச்சா மொத வேல உங்க தெருதான்." பிறகு, "ஆமா, சின்னம் நமக்குத்தானே? சீட்டு கீட்டு குலுக்க மாட்டானுங்களே?"

அவர் வந்தது அதற்குத்தான். விதியை அவர் அத்தனை வருடமும் படிக்கவில்லை. பஸ் இரைச்சலில் கேட்ட என் ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அத்தனை சீட்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்.

"சுயேச்சைங்க எத்தனை பேர் கேட்டாலும் உங்களுக்குத்தான்ணா" என்றேன். "விதியில அப்படியேதான் இருக்கு. ஒருதடவை படிச்சுப் பாத்துக்கங்க."

"நீ சொன்னா போதும்மா. நான் வேற படிக்கணுமா?" என்று எழுந்தார்.

படிக்கச் சொன்னேன். அதை இங்கே குறித்து வைக்கிறேன்.

முன்னால் இருக்கும் அந்த வரி இதுதான். அங்கீகாரம் பெறாத, ஆனால் பதிவு செய்த ஒரு சிறு கட்சியின் வேட்பாளர் அதே சின்னத்தைக் கேட்டு, மற்ற எல்லோரும் சுயேச்சைகளாக இருந்தால், சின்னம் கட்சி வேட்பாளருக்கு. சுயேச்சைகளுக்குள் யாருக்கு முன்னுரிமை என்ற பேச்சே அதற்குப் பிறகுதான்.

காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் அப்படி ஒரு கட்சி இருந்தது. ஒரு போர்டு, இரண்டு நாற்காலி, ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு தலைவர். வேட்பாளர் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். வேட்பாளர் என்னிடம் இருந்தார். போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் லீடராக இருக்கும் ஓர் அக்கா, திருநெல்வேலிப் பக்கம். முதல் தேர்தலில் என்னோடு மாடி ஏறியவர்களில் ஒருவர். இருங்காட்டுக்கோட்டையில் கணவரோடு வாடகைக்கு இருந்தார்.

"ஏட்டி, என்னைய எதுக்கு இழுக்க? நான் நின்னு செயிக்கவா போறேன்?"

"ஜெயிக்க மாட்டீங்கக்கா. ஆனா அவரும் ஜெயிக்க மாட்டாரு."

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அந்த முதல் தேர்தலுக்காக அவர் ஊரில் இருந்த ஓட்டை இங்கே மாற்றியவர். அதனால் அவருடைய மாமனார் ஒரு வருடம் பேசாமல் இருந்தார். "எங்க ஓட்ட வாங்கிட்டு, அன்னைக்கு ஒன்னய உக்காருன்னு சொன்னாம்லா" என்றார். "எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு."

மனுக்களின் நகல்கள் தாலுகா அலுவலக வாசலில் ஒட்டப்பட்டன. அக்காவின் மனுவில் கட்சியின் பெயர் இருந்தது, கேட்கும் சின்னமும் இருந்தது. எல்லோரும் பார்க்கும் இடம். அண்ணனின் ஆட்கள் வந்து அவருடைய மனுவுக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மனுவை வாபஸ் பெறும் நேரம் முடிந்ததும் சின்னம் ஒதுக்க உட்கார்ந்தார்கள். நான் அக்காவின் முகவராகப் பின்னால் இருந்தேன். அண்ணன் கழுத்தில் மாலையோடே வந்திருந்தார். டிபன் பாக்ஸுக்கு அக்காவின் பெயரை அதிகாரி வாசித்தார்.

"சார், சார். நான் சிட்டிங் எம்.எல்.ஏ. அது என் சின்னம்."

"சுயேச்சைங்களுக்குள்ளதான் சார் உங்களுக்கு முன்னுரிமை. இவங்க கட்சி வேட்பாளர்."

"எந்தக் கட்சி?"

அதிகாரி பெயரைச் சொன்னார். "அப்படி ஒரு கட்சி கீதா?" என்று அண்ணன் கேட்டதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆசிரியர் எழுந்து நின்று கைகூப்பினார்.

விதியை அதிகாரி சத்தமாகப் படித்தார். அண்ணன் முழுவதும் கேட்டார், முதல் தடவையாக. பிறகு திரும்பினார். என்னைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகவில்லை.

"இன்ஜினியரு."

"படிச்சுப் பாக்கச் சொன்னேனேண்ணா."

"நீ சொன்னியேம்மா..." என்று ஆரம்பித்து எழப் போனார்.

"உக்காருங்கண்ணா, உக்காருங்க" என்றேன்.

அந்த வார்த்தையை எத்தனை விடியற்காலை ஏரிக்கரையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். சொன்னபோது நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

மனுவில் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். முதலாவது கிடைக்காமல் போகாது என்ற நம்பிக்கையில் மற்ற இரண்டுக்கும் அவருடைய ஆட்கள் கண்ணில் பட்டதை எழுதியிருந்தார்கள். இரண்டாவதாக எழுதியது வேறொரு சிறு கட்சிக்குப் போனது. மூன்றாவது, காலுறை.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. மச்சானின் பஸ்கள் மூன்று ஷிப்ட்டும் எங்கள் சின்னத்தைச் சுமந்துகொண்டு ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஓடின. கிளீனர்கள் பிளேடால் சுரண்டினார்கள். நல்ல பசை, ஸ்டிக்கரோடு ரெக்சினும் கிழிந்தது. தெரிந்த சின்னம் என்று ஜனங்கள் அக்காவுக்குப் போட்டார்கள், தெரிந்தே அக்காவுக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். கம்பெனி வாசலில் அவர் ஓட்டுக் கேட்டு நின்றபோது ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் பாதுகாப்பு ஷூவைக் கழற்றிக் காலுறையைக் காட்டினார்கள்.

"ண்ணா, இந்தா உன் சின்னம்! மோந்து பாரு!"

"எட்டு மணி நேரம் ஊறிக்கினு கீதுண்ணா!"

அவர் சிரிக்க முயன்றார். நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட முகத்தைத் திருப்பவில்லை.

ஆளுங்கட்சிக்காரரும் தோற்றார், எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்தார். அக்காவுக்கு மூன்றாம் இடம். அண்ணன் அக்காவுக்கும் கீழே, டெபாசிட் போனது. இப்படிச் செய்ததால் உனக்கு வீடு கிடைத்துவிட்டதா என்று கம்பெனியில் ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்காக மட்டும் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எங்களைக் கேட்காமல் எங்கள் சார்பாகத் தலையாட்டிய ஒருவர், மறுபடி அந்த மேடையில் உட்காரக் கூடாது. அவ்வளவுதான்.

இப்போதைய நிலை இது. புது உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வந்தபோது எங்கள் தெருவில் நின்று கொடுத்த வாக்கின்படி மறு கருத்துக் கேட்புக் கூட்டம் கேட்டு எழுதியிருக்கிறார். கூட்டத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. சாலைத் திட்டம் ரத்தாகவில்லை. சுவரில் எண் அப்படியே இருக்கிறது, அம்மா அதே வீட்டில் இருக்கிறார். தெருமுனையில் பஸ் இன்னும் நிற்பதில்லை, நான் நடந்துதான் போகிறேன். அண்ணன் மச்சானின் பஸ் ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறார். சட்டமன்றத்தில் இல்லை.